கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் சட்டம்: கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சாக்ரமெண்டோவில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மேலவையில் 40 பேர், கீழவையில் 80 பேர், ஆக 120 பேர் இருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதியதை என் தொகுதி அலுவலகத்துக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். ஆனால் எரிச்சலைத் தமிழில் கொட்டினால்தான் எனக்கு ஒழுங்காக வருகிறது, அதனால் உங்கள் 'தாக்குதல் ஆயுத'த் தடைச் சட்டத்தைப் பற்றி இந்த மடல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் துப்பாக்கிக் கட்சி இல்லை. வீட்டில் துப்பாக்கி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று பள்ளியில் லாக்டவுன் பயிற்சி நடந்த அன்று என் மகள் வந்து, "லைட்ட அணைச்சிட்டு மூலைல உக்காந்திருந்தோம்பா, யாரும் சிரிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க, எனக்குத்தான் சிரிப்பு வந்துச்சு" என்றாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு அன்று இரவு தூக்கமில்லை. இந்த ரைஃபிள்களுக்குக் கடிவாளம் வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கே ஒவ்வொரு தடவையும் ஓட்டுப் போட்டிருக்கிறேன், அதாவது பெரும்பாலும் உங்களுக்கு. அந்த உரிமையில்தான் உங்கள் சட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை கடுமையாகப் பேசப் போகிறேன்.

போன கோடையில் அலுவலக நண்பர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இங்கே குடியுரிமை வாங்கிப் பல வருடமானவர், சும்மா வந்து வேடிக்கை பாருங்கள் என்று என்னைச் சுடுதளத்துக்குக் கூட்டிப் போனார். ஏ.ஆர்.-15 ரகத்து ரைஃபிள் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதன் கைப்பிடிக்குப் பின்னால் மீன் துடுப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. எதுவோ உடைந்து, அதை ஒட்டவைத்திருக்கிறார் போல என்று நினைத்தேன். இல்லையாம், அந்தத் துடுப்பு இருப்பதால்தான் அவர் குற்றவாளி இல்லையாம். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்க முடியாதபடி அது தடுக்கிறது.

நம்பிக்கை வராமல் வீட்டுக்கு வந்து விதிமுறையைத் தேடிப் படித்தேன். சுடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் கைப்பள்ளம், வெளியே தெரியும் விசையின் மேல்முனைக்குக் கீழே இறங்க முடிந்தால் அது பிஸ்டல் கைப்பிடி. இறங்க முடியாவிட்டால் இல்லை. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், கழற்றி மாட்டக்கூடிய மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி), கூடவே இந்தக் கைப்பிடி, மூன்றும் சேர்ந்தால் அது 'தாக்குதல் ஆயுதம்', பதிவில்லாமல் வைத்திருந்தால் சிறை. கைப்பள்ளம் அரை அங்குலம் மேலே இருந்தால் அதே ரைஃபிள் விளையாட்டுச் சாமான். மடக்கும் அல்லது நீட்டிச் சுருக்கும் தோள்கட்டையும் கூடாது, ஆகவே நண்பர் ஆணி அடித்து அதை அசையாமல் செய்திருக்கிறார். குழல் முனையில் தீப்பிழம்பை மறைக்கும் கருவி கூடாது, உதைப்பைக் குறைக்கும் கருவி இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு மேசை தள்ளி ஒரு பெரியவர் மினி-14 வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். பழுப்பு மரக்கட்டை, பார்த்தால் பண்ணை வீட்டுச் சுவரில் மாட்டி வைக்கிற மாதிரி சாதுவான துப்பாக்கி. அதுவும் செமி ஆட்டோமேட்டிக்தான், அதற்குள் போவதும் இதே பாயின்ட் 223 தோட்டாதான், மேகசினும் கழற்றி மாட்டுவதுதான். அதற்குத் துடுப்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தோட்டா, வெடித்த வாயுவின் வேகத்திலேயே அடுத்த தோட்டா ஏறிக்கொள்கிறது, மறுபடி அழுத்தினால் அடுத்தது. இரண்டும் இப்படித்தான் வேலை செய்கின்றன. (ஏ.ஆர். என்றால் தாக்குதல் ரைஃபிள் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயராம் அது. அழுத்திப் பிடித்தால் கொட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கி வேறு சங்கதி, 1934-லிருந்தே மத்திய அரசின் கையில் இருக்கிறது, 1986-க்குப் பிறகு புதிதாகச் செய்வது பொதுமக்களுக்குக் கிடைக்காது.)

சரி, இந்தக் கைப்பள்ளக் கணக்கு எப்படி வந்தது?

1989 ஜனவரி 17, ஸ்டாக்டன் நகரம், கிளீவ்லாண்ட் தொடக்கப் பள்ளி, இடைவேளை நேரம். ஒருவன் சீனத் தயாரிப்பான ஏ.கே. ரகத் துப்பாக்கியோடு வந்து மைதானத்தைப் பார்த்து நூறு ரவுண்டுக்கும் மேல் சுட்டான். 5 குழந்தைகள் இறந்தார்கள், எல்லாரும் 6-லிருந்து 9 வயதுக்குள், கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அந்த வருடமே நீங்கள், அதாவது உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலிகளில் இருந்தவர்கள், ராபர்ட்டி-ரூஸ் சட்டத்தைக் கொண்டுவந்தீர்கள். தாக்குதல் ஆயுதங்களுக்கு நாட்டிலேயே முதல் தடை. கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் டியூக்மேஜியன், இன்றைக்கு யாராலும் கற்பனை செய்ய முடியாத விஷயம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது துணிச்சல்.

ஆனால் அந்தச் சட்டம் துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடை செய்தது. இந்த நிறுவனம், இந்த மாடல் என்று ஒரு பட்டியல். தயாரிப்பாளர்கள் என்ன செய்வார்கள்? பெயரை மாற்றினார்கள், ஒரு பாகத்தை அங்கே இங்கே நகர்த்தினார்கள், கடைக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து 1999-ல் நீங்கள் சுதாரித்து, பெயர் வேண்டாம், உறுப்புகளைச் சொல்வோம் என்று கைப்பிடி, தோள்கட்டை, குழல் முனை என்று எழுதினீர்கள். எல்லாமே கழற்றி மாட்டும் மேகசின் இருந்தால்தான் பொருந்தும். கருவி இல்லாமல் கழற்ற முடிந்தால்தான் அது கழற்றக்கூடியது, தோட்டாவின் முனையும் ஒரு கருவிதான் என்று விதியில் ஒரு வரி. போதாதா? சிறு துளைக்குள் தோட்டா முனையை விட்டு அழுத்தினால் மேகசின் விழுகிற மாதிரி ஒரு பித்தான் வந்துவிட்டது. புல்லட் பட்டன் என்று பெயர். அதை மாட்டினால் கைப்பிடி, தோள்கட்டை எதையும் மாற்ற வேண்டாம், ரைஃபிள் முழுக்கச் சட்டப்படி சரி. பல வருடம் கடைகளில் அது அமோகமாக விற்றது.

2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே இருந்த இரண்டு ரைஃபிள்களும் கலிஃபோர்னியாவில் வேறொருவர் கடையில் சட்டப்படி வாங்கியவை, பிறகு திருத்தப்பட்டவை. அதன் பிறகு 2016-ல் புல்லட் பட்டனை மூடினீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் 2018 ஜூன் 30-க்குள் இணையத்தில் பதிவு செய்யச் சொன்னீர்கள். பதிவுத் தளம் கடைசி நாட்களில் படுத்துவிட்டது. ஒழுங்காகப் பதிவு செய்ய வந்தவர்கள் பதிவு செய்ய முடியாமல் குற்றவாளிகள் ஆகும் நிலை, வழக்கு, சமரசம், கடைசியில் 2022 ஜனவரியில் தளத்தை மறுபடி திறந்தீர்கள். அதே வருடம் ஜூனில் மாநில அட்டர்னி ஜெனரலின் நீதித் துறை, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்துக்கு விண்ணப்பித்த சுமார் 1,92,000 பேரின் சொந்த விவரங்களை இணையத்தில் கசிய விட்டது. ஒரு கையால் 'வா, பதிவு செய்' என்று கூப்பிட்டுக்கொண்டே மறு கையால் இப்படிச் செய்தால், நம்பி வருகிறவன் எவன்?

இப்போது துடுப்புக் காலம். அடுத்து என்ன வரும் என்று என் நண்பருக்கே தெரியாது, ஆனால் ஏதாவது வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் ஒரு கோடு போடுகிறீர்கள், அவர்கள் அந்தக் கோட்டை ஒட்டி ஒரு சாமான் செய்து முப்பது டாலருக்கு விற்கிறார்கள். முப்பத்தைந்து வருடமாக இதுதான் நடக்கிறது.

இது உங்கள் ஒருவர் பிரச்சினையும் இல்லை. 1994-ல் மத்திய அரசு போட்ட பத்து வருடத் தடை இதே உறுப்புப் பட்டியல்தான், 2004 செப்டம்பரில் அது காலாவதி ஆனது. கனெக்டிகட் மாநிலத்தில் 1993-லிருந்தே தடை இருந்தது. இருந்தும் 2012-ல் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற ரைஃபிள் அந்த மாநிலத்தில் சட்டப்படி வாங்கியது, அந்தப் பட்டியலுக்கு அது இடிக்கவே இல்லை. நியூயார்க் அதற்குப் பிறகு 2013-ல் ஒரே ஒரு உறுப்பு இருந்தாலும் தடை என்று இறுக்கியது. 2022 மே மாதம் பஃபலோ நகரத்து மளிகைக் கடையில் 10 கறுப்பின மக்களைக் கொன்றவன் நியூயார்க் கடையிலேயே ரைஃபிளை வாங்கினான். மேகசினைக் கழற்ற முடியாதபடி ஒரு பூட்டு மாட்டி விற்கப்பட்டது அது. அவன் பூட்டைக் கழற்றினான். அந்தப் பூட்டைச் செய்த நிறுவனத்தின் மீதே மாநில அட்டர்னி ஜெனரல் அடுத்த வருடம் வழக்குப் போட்டார். மேரிலாந்தில் இன்னும் கூத்து: ஏ.ஆர்.-15-க்குத் தடை, ஆனால் கனமான குழல் வைத்த ஸ்போர்ட்டர் மாடலுக்கு விதிவிலக்கு. குழல் கனமானால் தோட்டா சாதுவாகிவிடுமா என்ன?

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் மறுபக்கமும் சொல்கிறேன். இவை வெறும் அலங்காரம் என்று துப்பாக்கிக்காரர்கள் சொல்வதையும் நான் முழுக்க ஏற்கவில்லை. அலங்காரம் என்றால் ராணுவம் எதற்கு அதைக் கேட்டு வாங்கியது? அந்தக் கைப்பிடி துப்பாக்கியை இழுத்துப் பிடிக்க வசதிதான், நானே பிடித்துப் பார்த்தேன், துடுப்போடு பிடிப்பது அசௌகரியம். ஆனால் அசௌகரியம் என்பது கட்டுப்பாடு ஆகாது, அதுதான் என் வாதம்.

மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது என்ற வரம்பை மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். அது வேறு ரகம். 2011-ல் அரிசோனாவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸைச் சுட்டவன் 33 தோட்டா மேகசின் தீர்ந்து அடுத்ததை மாட்டப் போன இடைவெளியில்தான் பக்கத்தில் இருந்தவர்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். கைத்துப்பாக்கிதான், ஆனாலும் கணக்கு அதேதான். மேகசின் வரம்பு துப்பாக்கி என்ன செய்கிறது என்பதைப் பார்க்கிறது. கைப்பிடி விதி அது எப்படித் தோன்றுகிறது என்பதைப் பார்க்கிறது. 2025 மார்ச்சில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் இந்த வரம்பை ஏற்றுக்கொண்டுவிட்டது. எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஒருவர் தன் அறையில் துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டிக் காட்டி வீடியோவே போட்டார், நேரம் கிடைத்தால் பாருங்கள், பொழுது போகும்.

மாநில எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கில்ராய் பூண்டுத் திருவிழாவுக்கு நானும் குடும்பத்தோடு போயிருக்கிறேன், பூண்டு ஐஸ்கிரீம் என்ற கொடுமையை என் மனைவி அங்கேதான் சாப்பிட்டாள். 2019 ஜூலையில் அங்கே வேலியை வெட்டிக்கொண்டு வந்த ஒருவன் 6 வயதுப் பையன் உட்பட மூன்று பேரைக் கொன்றான். அவன் வைத்திருந்தது கலிஃபோர்னியாவில் விற்கக் கூடாத ஏ.கே. ரகம், மூன்று வாரத்துக்கு முன் பக்கத்து நெவாடாவில் சட்டப்படி வாங்கியது. 1989-ல் ஸ்டாக்டனுக்கு வந்த துப்பாக்கி ஓரிகனில் வாங்கியது. முப்பது வருட இடைவெளி, அதே கதை. இதற்கு நீங்கள் மட்டும் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். முடியாதுதான். அதனால்தான் இங்கே செய்ய முடிந்ததையாவது உருப்படியாகச் செய்யுங்கள் என்கிறேன்.

என் கோரிக்கை இதுதான். உறுப்புப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். கழற்றக்கூடிய மேகசின் ஏற்கும், மையத்தில் தட்டி வெடிக்கும் தோட்டாவைச் சுடும் எல்லா செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளையும் ஒரே வகை என்று ஒரே வரியில் எழுதுங்கள், அந்தப் பெரியவரின் மரக்கட்டை மினி-14 உட்பட. அந்த வகையை வாங்க வருகிற ஆளை உட்கார வைத்து விசாரியுங்கள். இப்போது என்ன கேட்கிறீர்கள்? 21 வயது, பின்னணிச் சோதனை, 10 நாள் காத்திருப்பு, 30 கேள்வி வைத்து 23 சரியாக இருந்தால் 25 டாலருக்கு ஒரு சான்றிதழ், கடைக்காரர் முன்னால் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாண்டு காட்டுவது. மற்ற பல மாநிலங்களைவிட இது எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். யூவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்றவன் டெக்சஸில் 18 வயது நிறைந்த கையோடு ரைஃபிள் வாங்கியவன். ஆனால் ரைஃபிளை வாங்கிக்கொண்டு வெளியே போன பிறகு அவன் யார், எப்படி இருக்கிறான், பெட்டியில் பூட்டி வைக்கிறானா என்று நேரில் போய்ப் பார்க்கிற ஏற்பாடு எதுவும் இல்லை. அதற்கு ஒரு உரிமம் வேண்டும், பயிற்சி வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கொலராடோ இந்தப் பாதையில் ஓரளவு போயிருக்கிறது. 2025 ஏப்ரலில் ஆளுநர் போலிஸ் கையெழுத்திட்ட சட்டப்படி, 2026 ஆகஸ்ட் 1 முதல், கழற்றும் மேகசின் கொண்ட குறிப்பிட்ட செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளை வாங்க விரும்புகிறவர் முதலில் ஷெரிஃபிடம் தகுதி அட்டை வாங்கி, பயிற்சி முடித்து, தேர்வும் எழுத வேண்டும். முதலில் முழுத்தடையாக வந்த மசோதா பேரம் பேசிப் பேசி இப்படி ஆனது. இரண்டு பக்கமும் திட்டினார்கள், அதனாலேயே எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை.

உரிமம் என்றதும் அதை ஏதோ மந்திரம் என்று நான் நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் இந்தியாவில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் இருக்கிறது, போலீஸ் விசாரணை இருக்கிறது, தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். சிபாரிசும் இருக்கிறது, அதையும் பார்த்துத்தான் வளர்ந்தோம். இங்கேயே இல்லினாயைப் பாருங்கள். அங்கே துப்பாக்கி வைத்திருக்க அட்டை கட்டாயம். 2022 ஜூலை 4 அணிவகுப்பில் ஹைலேண்ட் பார்க்கில் 7 பேரைக் கொன்றவனிடமும் அந்த அட்டை இருந்தது. 2019-லேயே போலீஸ் அவன் வீட்டுக்குப் போய்க் கத்திகளை எடுத்து வந்திருக்கிறது, அதன் பிறகு அப்பா கையெழுத்துப் போட்டார், அட்டை கொடுத்தார்கள். அப்பா பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அட்டை கொடுத்தவர்கள் பழைய தாளைப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும். மாநிலம் என்ன பாடம் படித்தது? 2023 ஜனவரியில் மறுபடி ஓர் உறுப்புப் பட்டியலைப் போட்டது. பல மாவட்ட ஷெரிஃபுகள் எங்களால் அமல்படுத்த முடியாது என்று அறிக்கை விட்டார்கள், அந்தச் சட்டம் இன்னும் நீதிமன்றப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

நீதிமன்றம் என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் சட்டத்தையும் சான் டியேகோவில் நீதிபதி பெனிடெஸ் இரண்டு தடவை, 2021-லும் 2023-லும், செல்லாது என்றார். முதல் தடவை ஏ.ஆர்.-15-ஐ சுவிஸ் ராணுவக் கத்தியோடு ஒப்பிட்டார், படித்துவிட்டு எனக்குக் காபி புரையேறியது. மேல்முறையீட்டில் நிறுத்தி வைத்திருப்பதால்தான் சட்டம் உயிரோடு இருக்கிறது. 2025 ஜூன் 2 அன்று மேரிலாந்துத் தடையை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தது, நீங்கள் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். ஆனால் ஒரு வழக்கை எடுக்க 4 நீதிபதிகள் போதும். தாமஸ், அலீட்டோ, கோர்சச் மூவரும் அன்றே தயார். நான்காவதாக கவனா, இப்போது வேண்டாம், அடுத்த ஓரிரு பருவங்களில் எடுத்துவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த நாள் வந்து, கட்டைவிரல் கொஞ்சம் கீழே இறங்கினால் ஏன் அதிகம் பேர் சாகிறார்கள் என்று ஒரு நீதிபதி உங்கள் வழக்கறிஞரைக் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? என்னிடம் கேட்டால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதே நீதிமன்றம் 2022-ல் ப்ரூயன் வழக்கில் நியூயார்க்கின் உரிம முறையை உடைத்தபோதுகூட, தகுதி உள்ளவருக்குக் கட்டாயம் கொடுக்கிற உரிமம் என்ற ஏற்பாட்டை அடிக்குறிப்பில் தொடாமல் விட்டது. அது துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும் உரிமம் பற்றிய பேச்சுதான், இருந்தாலும் நிற்க ஓர் இடம். பட்டியல் விழுந்த பிறகு அவசர அவசரமாக எழுதுவதைவிட, இப்போதே நிதானமாக எழுதலாம் இல்லையா?

சின்ன விஷயம் ஒன்று. மசோதாவை வரைகிற உங்கள் உதவியாளர்களை ஒரு சனிக்கிழமை ஏதாவது சுடுதளத்துக்கு அனுப்பி வையுங்கள். மினி-14-ஐயும் துடுப்பு வைத்த ஏ.ஆர்.-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்துத் தோட்டா சுட்டுப் பார்க்கட்டும். என் தோள் இரண்டு நாள் வலித்தது என்று எழுத ஆசை, ஆனால் வலிக்கவில்லை, உதைப்பே தெரியவில்லை, எட்டு வயதுப் பிள்ளைகூடச் சுடலாம் போல இருந்தது. அதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

நண்பர் வேலை மாற்றி அடுத்த மாதம் டெக்சஸ் போகிறார். வீட்டுச் சாமான் லாரியில், ரைஃபிள் அவரோடு காரில், பூட்டிய பெட்டியில். கொலராடோ ஆற்றைத் தாண்டி அரிசோனாவுக்குள் நுழைந்ததும் முதல் ஓய்விடத்தில் நிறுத்தி அந்தத் துடுப்பைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போடப் போகிறாராம். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ஒரு திருப்புளி, ஐந்து நிமிடம் என்றார்.

இப்படிக்கு,
சான்டா கிளாரா மாவட்டத்திலிருந்து உங்கள் வாக்காளன்